21 நாளில் கால் எலும்பு கூடிவிடுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது, குலை வெட்டும் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை வேலைக்குப் போகும்போது ஈரச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, இடது கால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் உடைந்துவிட்டது. தோல் கிழியவில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பை நேராக்கித் தொடை வரைக்கும் சிமெண்டு போட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்களாம், எலும்பு நகர்ந்திருந்தால் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைப்பார்களாம். அப்பா ஆபரேஷன் என்றாலே வேண்டாம் என்கிறார். மாமாவோ, கோலகங்சார் பக்கம் மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) ஒரு தூக்காங் ஊருட், அதாவது எலும்பு வைத்தியர் இருக்கிறார், மூங்கில் வைத்து மூலிகை கட்டி 21 நாளில் நடக்க வைத்துவிடுவார், சிமெண்டை வெட்டிப் போட்டுவிட்டு அங்கே போகலாம் என்கிறார். அத்தை கேரளாவிலிருந்து முறிவெண்ணெயும் லாக்ஷாதி குக்குலு மாத்திரையும் வாங்கி வந்திருக்கிறார். அப்பாவுக்கு இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு, இருதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறார், சிகரெட்டும் குடிப்பார். நேற்றிலிருந்து கால் விரல் மரத்த மாதிரி இருக்கிறது, ராத்திரியில் வலி கூடுகிறது. புது சிமெண்டு அப்படித்தான் இருக்கும் என்று மாமா சொல்கிறார். ஆயுர்வேதமா, ஆங்கில மருத்துவமா, எதை நம்புவது? பத்தியம் ஏதும் உண்டா?
ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. விரல் மரத்திருக்கிறது, ராத்திரி வலி கூடுகிறது என்கிறீர்கள். அதனால்தான் அச்சில் பதில் வரட்டும் என்று இருக்காமல், கடிதத்தில் இருந்த எண்ணுக்கு உடனே கூப்பிட்டு அப்பாவை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். சிமெண்டை நீளவாக்கில் பிளந்து, அடியில் சுற்றியிருந்த பஞ்சையும் வெட்டி விரித்ததும் கொஞ்ச நேரத்தில் விரலுக்கு உணர்ச்சி வந்துவிட்டது என்று மறுநாள் எழுதியிருந்தீர்கள். நல்லவேளை. இதே நிலையில் இருக்கும் வேறு வீடுகளுக்காக இதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளில் அடைபட்டிருக்கின்றன. அறைச் சுவர், விரிந்து கொடுக்காத கெட்டியான சவ்வு. எலும்பு முறிந்தால் உள்ளே ரத்தம் கசியும், தசை வீங்கும். வீங்க இடமில்லாததால் அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் நசுங்கும். வெளியே கட்டும் இறுக்கமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஏறத்தாழ 6 மணி நேரம் இப்படிக் கிடந்தால் தசை சாகத் தொடங்கும், செத்த தசை திரும்ப வராது. கடைசியில் எலும்பு கூடியிருக்கும், ஆனால் பாதம் சூம்பி, விரல்கள் மடங்கிப்போய் நிற்கும். இறுக்கமான கட்டுக்குப் பிறகு கை இப்படிச் சூம்பிப்போவதை ஃபோல்க்மான் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1881இலேயே விவரித்து எழுதிவிட்டார்.

வீட்டில் என்ன பார்ப்பது? வலி மாத்திரை கொடுத்தும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி முதல் அடையாளம். இரண்டாவது, அப்பாவின் கால் பெருவிரலை நீங்கள் பிடித்து மெதுவாக மேலே வளைத்துப் பாருங்கள். கெண்டைச் சதையில் உயிர் போகிற மாதிரி வலித்தால் சந்தேகமே வேண்டாம். மரத்துப்போவதும் ஊசி குத்துவதும் அடுத்து வரும். விரல் சிவப்பாகத்தானே இருக்கிறது, தொட்டால் சூடாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. பெரிய ரத்தக்குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். இனிப்பு நீர்க்காரர்களுக்குப் பாத நரம்பு ஏற்கெனவே மந்தமாக இருக்கலாம் என்பதால் வலி தெரிவதும் தாமதமாகலாம். நடு இரவானாலும் கிளம்ப வேண்டிய காரியம் இது. கட்டு போட்டது பெரிய ஆஸ்பத்திரியா, கம்பத்து வைத்தியரா என்பதெல்லாம் இதற்குக் கணக்கே இல்லை. வீக்கத்தை யார் திரும்பப் பார்க்கிறார்கள், கட்டைப் பிளக்க யார் கையில் ரம்பம் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

இனி ஆயுர்வேதம். நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் எலும்பு முறிவுப் பிரிவில் வேலை பார்த்தவன், ஆகவே ஆயுர்வேதத்தைத் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். திட்டப்போவதில்லை. ஆயுர்வேதத்தின் பழைய அறுவை மருத்துவ நூலான சுசுருத சங்கிதையில் முறிவுக்கென்றே இரண்டு அத்தியாயங்கள் இருக்கின்றன. நிதான ஸ்தானம் 15ஆம் அத்தியாயம் எலும்பு முறிவை 12 வகையாகவும் மூட்டு விலகலை 6 வகையாகவும் பிரிக்கிறது. சிகிச்சை ஸ்தானம் 3ஆம் அத்தியாயம் வைத்தியத்தைச் சொல்கிறது. உடைந்த பாகத்தை இழுத்து நீட்ட வேண்டும், அழுத்தி இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், முனைகளைச் சேர்க்க வேண்டும், பிறகு கட்ட வேண்டும். ஈப்போவில் உங்கள் அப்பாவுக்குச் செய்ததும் இதே வரிசைதான். கட்டுக்குப் பக்கபலமாக வைக்க இலுப்பை, அத்தி, அரசு, மருது ஆகிய மரங்களின் பட்டையையும் மூங்கிலையும் சுசுருதர் சொல்கிறார். தொடையோ கெண்டைக்காலோ உடைந்தவரைப் பலகையில் படுக்கவைத்து, கால் அசையாதபடி ஐந்து முளை அடித்து நிறுத்தும் படுக்கை ஒன்றும் அதில் வருகிறது.

உங்கள் மாமாவுக்கு நான் காட்ட விரும்பும் இடம் அடுத்தது. கட்டு தளர்ந்திருந்தால் மூட்டு உறுதிப்படாது, இறுகியிருந்தால் தோலும் சதையும் வீங்கி, வலி கண்டு, பழுத்துச் சீழ் பிடிக்கும், ஆகவே நடுத்தரமாகக் கட்டு என்கிறார் சுசுருதர். அதோடு விடவில்லை. குளிர் காலத்தில் 7 நாளுக்கு ஒரு முறை, மிதமான பருவத்தில் 5 நாளுக்கு ஒரு முறை, வெயில் காலத்தில் 3 நாளுக்கு ஒரு முறை அவிழ்த்துப் பார்த்துக் கட்டச் சொல்கிறார். நம் ஊர் வெக்கைக்கு 3 நாள் கணக்குதான் பொருந்தும். புது சிமெண்டு அப்படித்தான் இருக்கும் என்று நான்கு நாள் விடுவதை ஆயுர்வேதமும் ஒத்துக்கொள்ளாது.

சுசுருதருக்கு இல்லாத ஒன்று எக்ஸ்ரே. ரன்ட்கன் அதைக் கண்டுபிடித்தது 1895இல். அதற்கு முன்னால் எந்த நாட்டு வைத்தியராக இருந்தாலும் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். சதை குறைந்த முன்னங்கால் எலும்பை ஒரு தேர்ந்த கை ஓரளவு தடவிக் கண்டுபிடிக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் முறிவு சாய்வாக ஓடியிருக்கிறதா, துண்டாகிக் கிடக்கிறதா, கணுக்கால் மூட்டுக்குள் விரிசல் இறங்கியிருக்கிறதா என்பதெல்லாம் கைக்குத் தெரியாது. வீங்கிய காலில் சுத்தமாகவே தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாமா சொல்லும் கம்பத்து வைத்தியர் செய்வது ஆயுர்வேதமே இல்லை. அது மலாய்க்காரர்களின் எலும்பு வைத்தியம், தனி மரபு. சீனர் கடைகளில் மருந்து வைத்துக் கட்டுவது வேறொரு மரபு. நம் வீடுகளில் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு ‘நாட்டு வைத்தியம்’ என்கிறோம். எலும்பு வைத்தியர்களை இளக்காரமாகப் பேச எனக்கு மனமில்லை. தாமஸ் ஸ்பிளிண்ட் என்று ஒரு சாதனம் இருக்கிறது, முதல் உலகப் போரில் தொடை உடைந்த எத்தனையோ சிப்பாய்களைக் காப்பாற்றியது. அதைச் செய்த ஹியூ ஓவன் தாமஸ் பரம்பரை எலும்பு வைத்தியர் குடும்பத்துப் பிள்ளை, அவர் அப்பாவும் அதே தொழில். எங்கள் துறையின் ஒரு வேர் அங்கேதான் இருக்கிறது. கம்பத்து வைத்தியர் காலைத் தொட்டுப் பார்க்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுகிறார். எங்கள் கிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருந்தால் டாக்டர் மூன்று நிமிடம் பார்ப்பார், அதுவும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே. ஜனங்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பது எனக்குப் புரியாமலில்லை.

ஆனாலும் 21 நாள் கணக்கை நான் விடப்போவதில்லை. எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அதற்குள் புதுக் குழாய்களும் செல்களும் நுழைந்து, இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பும் நாரும் கலந்த மெத்தென்ற ஒரு பாலம் கட்டும். அப்போது முனைகள் உரசுவது குறையும், வலி வெகுவாக அடங்கும், தொட்டுப் பார்த்தால் ஆட்டம் குறைந்திருக்கும். கையால் மட்டும் பார்க்கும் வைத்தியருக்கு இது கூடிவிட்ட எலும்பு போலவே தெரியும். வாசலில் புதிதாகப் பூசிய சிமெண்டுத் தரை மேலே காய்ந்திருக்கும், ஆள் நடக்கலாம், லோரி ஏறினால் உள்ளே போய்விடும் இல்லையா, அந்த நிலை இது. மெத்தென்ற பாலம் கெட்டி எலும்பாக மாற இன்னும் பல வாரம் வேண்டும். வளர்ந்த ஆளின் முன்னங்கால் எலும்பு உறுதியாகக் கூட 3, 4 மாதம் சாதாரணம். கீழ்ப் பாதியில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அங்கே முறிந்தால் இன்னும் இழுக்கும். 21ஆம் நாள் எழுந்து நடந்தவர்கள் இருக்கிறார்கள்தான். அவர்களில் சிலருக்கு வெறும் விரிசல்தான் இருந்திருக்கும், சிலருக்குச் சுளுக்கு மட்டும். எக்ஸ்ரே எடுக்காத இடத்தில் சுளுக்கும் முறிவாகிவிடும், ஆறியதும் வைத்தியருக்குப் பேர் வந்துவிடும். உண்மையாகவே முறிந்தவர் நடந்தால் கால் மெல்ல மெல்ல வளையும். வளைந்தபடி கூடிய காலை நிமிர்த்த மறுபடி உடைக்கத்தான் வேண்டும்.

சரி, சுசுருதர் எத்தனை நாள் சொல்கிறார்? மூட்டு உறுதிப்பட இளவயதில் ஒரு மாதம், நடுவயதில் அதைப் போல் இரண்டு மடங்கு, முதுமையில் மூன்று மடங்கு. உங்கள் அப்பாவை எந்த வரிசையில் உட்காரவைத்தாலும் 21 நாள் வராது.

ஆகவே இப்போது சிமெண்டை வெட்டிவிட்டு எங்கும் போக வேண்டாம். நேராக்கிய எலும்பு மறுபடி நகர்வது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில்தான், வீக்கம் வற்றி கட்டுக்குள்ளே இடம் விழும்போது. ஒரு வாரத்தில் எக்ஸ்ரேக்கு வரச் சொன்னதும் அதற்காகத்தான். கட்டைப் பிளந்து தளர்த்தியிருப்பதால் உங்கள் அப்பாவுக்கு அந்த எக்ஸ்ரே இன்னும் முக்கியம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். புது முறிவின்மேல் தேய்த்து உருவுவது எந்த எண்ணெயாக இருந்தாலும் கூடாது. முறிந்த முனை கத்தி மாதிரி கூராக இருக்கும், உருவும்போது சதையையும் குழாயையும் கிழிக்கும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிகிற முறிவு என்றால் அதற்கு விவாதமே கிடையாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

ஆபரேஷனைப் பற்றி அப்பாவிடம் எப்படிப் பேசுவது? முதலில், கட்டாயம் ஆபரேஷன் என்று யாரும் சொல்லவில்லை. பக்கவாட்டுச் சாய்வு 5 பாகைக்குள், முன்பின் சாய்வு 10 பாகைக்குள், கால் நீளக் குறைவு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் கட்டிலேயே விட்டுவிடலாம் என்பது பொதுவான கணக்கு. அடுத்த எக்ஸ்ரே அன்று டாக்டரிடம் இந்த மூன்று எண்ணையும் கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள், கேட்கிற ஆளைக் கண்டால் உட்கார்ந்து படத்தைக் காட்டுவார்கள். மாமாவையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள், திரையில் அவரே பார்க்கட்டும். கட்டிலேயே தொடர்ந்தால் சில வாரம் கழித்துத் தொடை வரை இருக்கும் கட்டை மாற்றி, முழங்கால் மடங்கும்படி குட்டைக் கட்டு போடுவார்கள். அமெரிக்காவில் சார்மியன்டோ என்ற மருத்துவர் 1967இல் எழுதிய முறை அது, அதைப் போட்டுக்கொண்டு ஊன்றுகோலோடு நடக்கலாம்.

அளவுகள் மீறினால் கம்பி. முழங்காலுக்குக் கீழே சிறிதாகத் திறந்து, எலும்பின் உள் குழாய் வழியாக நீளக் கம்பியை இறக்கி, மேலும் கீழும் திருகாணி போட்டுப் பூட்டிவிடுவார்கள். முழங்காலையும் கணுக்காலையும் மறுநாளிலிருந்தே மடக்கலாம், காலில் எடை போடுவதும் பெரும்பாலும் சீக்கிரமே முடியும். கம்பி துருப்பிடிக்காது. தொந்தரவு தராவிட்டால் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். முழங்காலின் முன்பக்கம் வலி சிலருக்கு நெடுநாள் இருக்கும், மண்டி போட முடியாமல் போகலாம். சீழ் பிடிக்கும் ஆபத்து எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு, இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கூடுதலாக உண்டு. அதனால்தான் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லி நச்சரிப்பார்கள். ஆபரேஷன் சமயத்தில் மில்லிமோல் கணக்கில் 6க்கும் 10க்கும் நடுவில் இருந்தால் நல்லது. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

58 வயதில் மறுபடி செம்பனையில் நின்று நீளக் கம்பால் குலை வெட்ட வேண்டிய கால் இது என்பதையும் கணக்கில் எடுங்கள். ஆபீஸ் நாற்காலியில் உட்காருகிறவருக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்று விடுகிற சிறு வளைவு, சரிவிலும் வாய்க்கால் கரையிலும் நாள் முழுக்க நிற்கிறவருக்குக் கணுக்காலைத் தின்றுவிடும். நானாக இருந்தால் எல்லைக் கோட்டில் நிற்கும் முறிவுக்கு இவர் வேலையைச் சொல்லித்தான் முடிவெடுப்பேன். டாக்டரிடம் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அட்டையில் வெறும் ‘தொழிலாளி’ என்றுதான் இருக்கும்.

சிகரெட்டை இன்றே விட வேண்டும். நிகோடின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, முன்னங்கால் முறிவு கூடாமல் இழுத்தடிக்கும் காரணங்களில் அது முன் வரிசையில் இருக்கிறது. மனதை அடக்காதவனின் முறிவு கஷ்டப்பட்டுத்தான் கூடும் என்று சுசுருதரும் ஒரு வரி எழுதியிருக்கிறார். பீடிக்கும் சிகரெட்டுக்கும் அதைப் பொருத்திக்கொள்ளலாம்.

அத்தை கொண்டுவந்த மருந்துகளுக்கு வருவோம். முறிவெண்ணெய் கேரளத்து ஆயுர்வேதத்தில் பழைய தயாரிப்பு. தேங்காய் எண்ணெயில் வெற்றிலை, முருங்கை, கற்றாழை, வெங்காயம், புங்கு போன்றவற்றின் சாறு சேர்த்துக் காய்ச்சுவார்கள். வெளிப்பூச்சுக்கு நல்ல எண்ணெய்தான், இப்போது வேண்டாம். கட்டுக்குள்ளே எண்ணெய் ஊற்றினால் பஞ்சு ஊறி, தோல் வெந்து, உள்ளே புண் வந்தாலும் தெரியாமல் போகும். கட்டு கழற்றிய பிறகு கணுக்கால் மரக்கட்டையாக இறுகியிருக்கும், தோல் செதில் செதிலாக உரியும், கெண்டைச் சதை பாதியாகக் கரைந்திருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்து, தோலில் புண் இல்லை என்றும் பார்த்துவிட்டால், இளஞ்சூட்டில் தடவிச் சதையையும் மூட்டையும் நீவிவிடலாம். பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் பயிற்சிக்கு முன்னால் தடவினால் மூட்டு கொஞ்சம் லேசாக மடங்கும். இனிப்பு நீர்ப் பாதத்துக்குச் சூடு சரியாகத் தெரியாது, எண்ணெயின் சூட்டை உங்கள் கையில் சோதித்துவிட்டுத் தடவுங்கள்.

லாக்ஷாதி குக்குலுவில் கொம்பரக்கு, பிரண்டை, மருதம்பட்டை, அமுக்கரா, குக்குலு எல்லாம் சேரும். அமுக்கரா சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடும், சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் வரலாம். குக்குலு ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தம் கசியும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். இன்னும் சில நாளில் ஆபரேஷன் வரலாம் என்ற நிலையில் அப்பாவுக்கு இதைக் கொடுக்காதீர்கள். எலும்பு கூடத் தொடங்கி, ஆபரேஷன் பேச்சும் முடிந்த பிறகு, பதிவு பெற்ற ஆயுர்வேத மருத்துவரிடம் அப்பாவின் எல்லா மருந்துச் சீட்டுகளையும் காட்டிவிட்டு முடிவு செய்யலாம். மலேசியாவின் 2016ஆம் ஆண்டுப் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம், அதாவது 775ஆம் சட்டம், பாரம்பரிய இந்திய மருத்துவத்தையும் ஒரு துறையாக ஏற்றிருக்கிறது. வைத்தியரிடம் பதிவைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடையில் வாங்கும் பாரம்பரிய மருந்தில் ‘மால்’ (MAL) எனத் தொடங்கி ‘டி’ (T) என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் எலும்பு வலிக்கு என்று விற்கும் பொட்டலங்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. வலி மாயமாக மறையும், சர்க்கரை விண்ணுக்கு ஏறும், எலும்பு உள்ளுக்குள் மெலியும்.

பிரண்டை சாப்பிடலாமா என்றால், சாப்பாடாக, தாராளமாக. 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாதும் விலங்குகளில் செய்த சோதனைகளில் முறிவு கூடுவதற்குப் பிரண்டை உதவியதாக எழுதினார்கள். மனிதரில் பெரிய அளவில் உறுதியான ஆதாரம் இன்னும் வரவில்லை, ஆகவே கட்டுக்குப் பதில் பிரண்டை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தோட்டத்து வேலிகளில் படர்ந்து கிடக்கும், இளந்தண்டாகப் பறியுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு கணுவையும் நாரையும் நீக்கி, நல்லெண்ணெயில் நிறம் மாறும் வரை வதக்கி, புளி சேர்த்து அரையுங்கள். அரைகுறையாக வதக்கினால் நாக்கும் தொண்டையும் அரிக்கும்.

பத்தியம் என்று முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சியும் ரசமுமாகக் கொடுப்பது நம் ஜனங்களிடம் இன்னும் இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய கவலை. புது எலும்பின் சட்டகமே புரதத்தால் ஆனது. சுசுருதர் முறிவு கண்டவருக்கு உப்பு, உறைப்பு, புளிப்பு, சோடா உப்பு மாதிரியான க்ஷாரம், வறட்டு உணவு வேண்டாம் என்கிறார். நெல்லரிசிச் சோறு, இறைச்சிச் சாறு, பால், நெய், பட்டாணிச் சாறு கொடு என்கிறார். பட்டினி போடச் சொல்லவே இல்லை. இருதய நோய் இருப்பதால் நெய்யை மட்டும் குறையுங்கள். தினமும் முட்டை, மீன், பருப்பு இருக்கட்டும், நெத்திலியை முள்ளோடு கொடுங்கள், சுண்ணாம்புச் சத்து அதில் நிறைய. மலாய், சீன நண்பர்கள் விரால் மீன் சூப் கொண்டுவந்தால் வாங்கிக் குடிக்கட்டும், அதுவும் புரதம்தான். ஆட்டுக்கால் சூப்பில் எல்லாரும் நினைக்கிற அளவுக்குச் சுண்ணாம்பு இல்லை, கொழுப்புதான் மிதக்கும், எப்போதாவது குடித்தால் போதும். காலை வெயிலில் கொஞ்ச நேரம் வாசலில் உட்காரட்டும்.

படுத்தே கிடக்க விடாதீர்கள். கட்டுக்குள்ளேயே தொடைச் சதையை இறுக்கிப் பத்து எண்ணிவிட்டு விடுவதும், விரல்களை மடக்கி நீட்டுவதும் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நடக்க வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறியிருக்கலாம், உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோ என்று நாம் சொல்லும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் இழப்பீடு கேட்க முடியும். விபத்து நடந்ததை முதலாளி தெரிந்துகொண்ட 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். தோட்ட ஆபீசில் அறிவித்துவிட்டார்களா என்று இன்றே கேளுங்கள். டாக்டர் கொடுக்கும் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், கணக்கிடும் சராசரி தினக்கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். கம்பத்து வைத்தியர் எழுதும் சீட்டு எம்.சி. ஆகாது. ஆஸ்பத்திரியில் ‘சொந்தப் பொறுப்பில் போகிறேன்’ என்று ஏ.ஓ.ஆர். கையெழுத்துப் போட்டுவிட்டு மாமா சொன்ன இடத்துக்குப் போனால், எம்.சி. தொடராமல் அந்தப் பணமும் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். மலாக்காவில் பெர்கேசோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அப்பா வேலைக்குத் திரும்பச் சிரமப்பட்டால் அங்கே பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்று பெர்கேசோ அலுவலகத்தில் விசாரியுங்கள். எம்.சி. தாள் ஒவ்வொன்றையும் ஆபீசில் கொடுப்பதற்கு முன்னால் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அசல் தொலைந்துவிட்டது என்று கிராணி கையை விரித்தால் உங்களிடம் அதுவாவது இருக்கும்.